ஏழும் உண்மை

புதுவயல் கிளையில்
கடன் மேசை என்னுடையது.
சன்னல் வழியே நெல் அவியும் வாசம் வரும்.
பத்து மணிக்குத் துடைத்த மூக்குக்கண்ணாடியில்
பதினொன்றுக்கெல்லாம் தவிட்டுத் தூசி.

அடைக்கலசாமி வந்தது செவ்வாய்க்கிழமை.
அரிசியில் கறுப்பு பொறுக்கும் இயந்திரம் வாங்க
பதினெட்டு லட்சம் கேட்டார்.
அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் முன்பே
மாட்டேன் என்று உள்ளே ஏதோ சொல்லிவிட்டது.
எனக்குக் கேட்கவில்லை.
கோப்பைத் திறந்து
யோசிக்கத் தொடங்கினேன்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலை தொடங்கி மூன்றே வருடம்.
மின்கட்டணம் ஒரு மாதம் தாமதம்.
பட்டா பங்காளி பெயரிலும் சேர்த்து.
தவிடு விற்ற கணக்கு தனித்தாளில், பென்சிலில்.
இப்படியே ஏழு, எண் போட்டு.
ஏழும் உண்மை.
அதுதான் சங்கடம்.
ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால்
என்னிடமே பிடிபட்டிருப்பேன்.

வியாழக்கிழமை உமையாள்.
பாக்குமட்டைத் தட்டு அழுத்தும் கொட்டகை.
அதுவும் தொடங்கி மூன்றே வருடம்தான்.
'மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்' என்று எழுதினேன்.
மின்கட்டணம் அவருக்கும் பிந்தியிருந்தது.
'பருவத்தொழிலில் இயல்பே.'
பேனா எங்கும் நிற்கவில்லை.
அதே நீல மை, அதே சாய்ந்த எழுத்து.

அன்றிரவு காரைக்குடிப் பேருந்தில்
கோட்டையூர் நிறுத்தத்தில் ஏறிய யாரோ
எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்தார்.
தங்கநிறக் கடிகாரம்,
முகம் உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பி.
அடைக்கலசாமியும் அப்படித்தான் கட்டியிருந்தார்.
பத்தே நாள் என்று சொல்லி
என் வளையல் நாலையும் வாங்கிப்போன
நாத்தனார் வீட்டுக்காரரும்.
பதினோரு வருடமாகிறது.

எட்டாவது காரணம் அது.
இல்லை, முதலாவது.
மற்ற ஏழும் அதற்குப் பின்னால்
சட்டை மாட்டிக்கொண்டு வந்தவை.

தலைக்குள் ஒரு நீதிபதி இருப்பதாகத்தான்
நாற்பத்தாறு வயதுவரை என் நம்பிக்கை.
இருப்பதோ
தேவகோட்டைக் கோர்ட்டு வேப்பமரத்தடியில்
என்ன வழக்கு என்று கேட்கும் முன்பே
வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிடும் ஆள்.
குறை சொல்ல முடியாது.
வாதம் நன்றாகவே வருகிறது அவருக்கு.

மறுநாள் கோப்பை மறுபடி எடுத்தேன்.
பெயரின் மேல் ஒரு துண்டுத்தாள் ஒட்டினேன்.
பயனில்லை.
பென்சில் இலக்கங்களுக்கு நடுவிலும்
அந்த மணிக்கட்டு தெரிந்தது.
சரி, கொடுப்பதாகவே வைத்துக்கொள்வோம்
என்றேன், சத்தமில்லாமல்.

உடனே வந்துவிட்டன.
பழைய கடனில் ஒரு தவணை தவறியதில்லை.
அறுவடை வருகிறது, ஆலை ஓயாது.
பென்சிலில் எழுதிக் கொண்டுவந்து காட்டுகிறவனுக்கு
மறைக்கத் தெரியாது.
ஆறுவரை எண்ணினேன்.
ஏழாவது, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

ஆலைச் சங்கு ஊதியது.
தேநீர் வைத்த வேலாண்டி
"அவரு வெளிய உக்காந்திருக்காரு மேடம்" என்றார்.
வரச்சொல்லிவிட்டு
முந்தானையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தேன்.
தவிடு போகவில்லை.
கொஞ்சம் இடம் மாறியது.