எரிபொருள் நீங்கலாக

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
முந்நூறு அடியில் எங்கள் பங்க்.
லிட்டருக்குச் சில்லறை ரூபாய் மிச்சமென்று
கொழிஞ்சாம்பாறை வண்டிகள் எல்லை தாண்டி வந்து
வயிறு நிரப்பித் திரும்பும்.
பதினோரு வருஷமாய் நான் கல்லாவில்.
தூரம் என்பது
மற்றவர்கள் போகிற ஒன்று.

கழுத்தில் வங்கிப் பட்டையோடு ஜிதின் வந்தான்.
தொண்ணூறு நாளில் ஒன்றரை லட்சம் செலவழித்தால்
பத்தாயிரம் மைல் இனாம் என்றான்.
"அதுக்கு எங்க போகோணும்?"
"எவிடெயும் போகண்டா அக்கா. தேய்ச்சா மதி."

சீட்டு விழுந்த பணத்தை வைப்பாகக் கட்டி
அட்டை வாங்கினேன். நீல நிறம், ஓரத்தில் ஒரு சிறகு.
ஒன்றரை லட்சத்துக்கு நான் எங்கே போவேன்?
ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் டீசல் ஓடுகிறது.
மருதாசலம் ஐந்நூறு ஐந்நூறாய் எண்ணித் தந்தது
என் கைப்பைக்குள்.
அவன் லாரிக்கு ஊற்றியது என் அட்டைக்குள்.
யாருக்கும் நஷ்டமில்லை.
ஒரு சதவீதக் கட்டணம் மட்டும் என் தலையில்.
இருபத்தாறு நாளில் எண்பத்திரண்டாயிரம்.

ஆப்பைத் திறந்தால்
இதுவரை சேர்ந்தது: பூஜ்யம்.

எரிபொருள் நீங்கலாக, அக்கா, என்றான் ஜிதின் போனில்.
பதினாலாம் பக்கத்தில் இருக்கிறதாம்.
உலகத்தில் எதை வாங்கினாலும் மைல் உண்டு,
மைலை ஓட வைப்பதை வாங்கினால் மட்டும் இல்லை.

அதன்பிறகு யார் பர்ஸைத் திறந்தாலும்
முன்னால் போய் நின்றேன்.
தெய்வாத்தாளின் எருமைகளுக்குத் தீவனம்
அப்புக்குட்டன் கடையில், பதினெட்டு மூட்டை.
செண்பகத்தின் மகன் பைக்கோடு கால்வாயில் விழுந்தான்.
சித்தூர் ஆஸ்பத்திரியில் அவனைத் தைத்து முடிப்பதற்குள்
பில் கவுன்டரில் நான்.
அவர்கள் காசு எனக்கு, என் கடன் வங்கிக்கு,
வங்கியின் மைல் எனக்கு.
ஓமனாவின் புருஷன் செத்த அன்று
பந்தல்காரனிடம் மெதுவாக,
"கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்டது
இந்த வாய்தான்.
எடுத்தான்.
எண்பத்தொன்பதாம் நாள் ஆயிரத்து நூறு குறைந்தது.
வீட்டில் குக்கர் இருக்க
இன்னொரு குக்கர் வாங்கினேன்.

"மெட்ராஸ்ல யாரு இருக்கா உனக்கு?"
"யாருமில்ல."
"அப்பறம் எதுக்கு?"
மருதாசலத்தின் வண்டி பன்னிரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.
அவனுக்குச் சேர்ந்தது இடுப்புவலி.
பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.
சில்லறையை இரண்டுதரம் எண்ணிக் கொடுத்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து சென்னை, ஒருவழி.
எட்டாயிரம் மைல் போக, வரி தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.
இனாமுக்கும் வரி.
ஜன்னலோரம், இருபத்திரண்டு ஏ.

தரை விட்டதும் தீவனத்தில் பறந்தோம்.
திருப்பூருக்கு முன்பே மூட்டைகள் தீர்ந்தன.
அங்கிருந்து சேலம் வரை அந்தப் பையனின் கால்,
தையல் தையலாக.
மலைக்கு மேல் மேகம் வந்தபோது
ஓமனாவின் புருஷன் கொஞ்ச தூரம் கூட வந்தார்.
உயிரோடு இருக்கையில் பாலக்காட்டுக்கு அப்பால்
போகாத மனிதர்.
பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன்.
கடைசியில், காது அடைத்து இறங்கும்போது,
குக்கர்.

சென்னையில் எல்லோரும் எழுந்து பையை இழுத்தார்கள்.
நான் ஜன்னலிலேயே இருந்தேன்.
இறக்கைக்கு அடியில் மஞ்சள் லாரி ஒன்று வந்து நின்றது.
ஒருவன் குழாயை உருவி மாட்டினான்,
நம் பையன்கள் மாட்டுகிற அதே அலட்சியத்தில்.
எவ்வளவு ஏறுகிறதென்று
மீட்டரைப் பார்க்கக் கழுத்தை நீட்டினேன்.
"மேடம், இறங்கணும்" என்றாள் அந்தப் பெண்.
"ஒரு நிமிஷம்" என்றேன்,
"எத்தனை லிட்டர்?"