ஒன்பதாம் கொட்டகை

கேட்டரிக் முகாம், யார்க்‌ஷயர். 1923 ஜனவரி.
ஒன்பதாம் கொட்டகையில் இருபத்தெட்டுக் கட்டில்கள்,
பதினோரு பேருக்குக் காய்ச்சல்.
எட்டாம் கொட்டகையில் ஒருவருக்கும் இல்லை.
அதே சமையல், அதே தண்ணீர்த் தொட்டி,
அதே சார்ஜென்ட், அதே வசவுகள்.

என் கையில் துணி அளவுநாடா.
"டாக்டரா, தையல்காரரா?" என்றான் ஆல்வின் பாஸ்க்.
அவன் சிரிப்பு பாதியில் இருமலாக உடைந்தது.

கட்டிலுக்கும் கட்டிலுக்கும் மூன்றடி.
விதிப்புத்தகம் சொன்னதில்
ஒரு நூல்கூடக் குறையவில்லை.
அப்படியே எழுதிவிட்டுப் போயிருப்பேன்,
பென்சில் கைதவறி விழுந்தது.
குனிந்தேன்.

பலகைத் தரையில் கீறல்கள்.
ஒவ்வொரு கட்டில் காலிலிருந்தும் கிளம்பி
மழைக்கு முந்திய எறும்புச் சாரையாய்
நடுவிலிருந்த கரியடுப்பை நோக்கிப் போயின.
சில பழையவை, மெழுகு ஏறியவை.
சில நேற்றையவை,
மரத்தின் வெள்ளை தெரிந்தது.

அன்றிரவு விளக்கில்லாமல் வந்து கதவைத் தள்ளினேன்.
மூன்றடியைக் காணோம்.
கட்டிலோடு கட்டில் ஒட்டி
ஒருவன் விட்ட மூச்சை அடுத்தவன் இழுத்து
அடுப்பைச் சுற்றி ஒற்றை மிருகமாய்ச் சுருண்டு
உறங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஜன்னல் இடுக்குகளில் பழைய காலுறைகள்.
காலை அணிவகுப்புக்கு முன்
எல்லாம் விதிப்படி திரும்பிவிடும்.

எட்டாம் கொட்டகையின் அடுப்பு
அக்டோபரிலேயே வெடித்துப்போனதாம்.
மூன்று முறை எழுதிக் கேட்டும்
புதியது வரவில்லை.
கூடிப் படுக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.
பல் கிட்டிக்க, தள்ளித் தள்ளிக் கிடந்தார்கள்,
நலமாக.

ஆணை எழுதினேன்:
கட்டில் கால்களைத் தரையோடு திருகுக.
ஒருவன் தலைக்கு நேரே அடுத்தவன் கால்.
ஜன்னல்கள் ஒரு சாண் திறந்திருக்க ஆணி அடிக்க.
கம்பளி, கூடுதலாக, ஐம்பத்தாறு.
இருபது வந்தது.

மறுவாரம் புதிதாக நான்கு பேர்.
அதற்கடுத்த வாரம் ஒருவன்.
கர்னல் என் தோளில் தட்டினார்.
பாஸ்க் ஒரு வியாழன் விடியலில்
ஆஸ்பத்திரியில் இறந்திருந்தான்.
அவன் கட்டிலையும் திருகித்தான் வைத்திருந்தோம்,
அதே மூன்றடியில்.

கடைசியாக ஒரு முறை இரவில் பார்க்கப் போனேன்.
பனி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்திருந்தது.
கட்டில்கள் அசையவில்லை.
இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் நகர்ந்தது.
நீட்டிய கையிலிருந்து நீட்டிய கைக்கு
ஒரே ஒரு சிகரெட்,
வாய் மாற்றி வாய்.

காலிக் கட்டிலருகே வந்ததும்
நின்றது.
கை எட்டவில்லை.
யாரோ எழுந்து வெறுங்காலோடு நடந்து
அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

எழுத வேண்டியதுதான்:
ஏழு வாய், ஒரு சிகரெட்.
பென்சில்
சட்டைப்பையில்தான் இருந்தது.