அரையடி

மணி இரண்டே முக்கால்.
ஃபார்கோவுக்கு மேற்கே, நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில்
எரிகிற ஒரே அடுப்பு என்னுடையது.
வெளியே பனி வாரும் லாரி நிற்கிறது.
அதன் மஞ்சள் விளக்கு சுழன்று
என் கண்ணாடித் தடுப்பில் விழும்போது
தக்காளி ஒரு கணம் பழுக்கிறது,
மறு கணம் காயாகிறது.

வெர்லின் உள்ளே வந்து பூட்ஸை உதறுகிறார்.
பதினோரு குளிர்காலமாக அவருக்கு ஒரே சாண்ட்விச்.
ஓரடி வெள்ளை ரொட்டி, சலாமி, ஹாம்,
சீஸ் இரண்டு மடங்கு,
போதும் என்று சொல்லும்வரை மயோனைஸ்.
அவர் போதும் சொன்னதில்லை.

இன்று கையுறையைக் கழற்றி
நான்காக மடித்த தாளொன்றை நீட்டுகிறார்.
"மார்லிஸ், இதைப் படி.
என் கண்ணாடி வண்டியில் இருக்கிறது."
கண்ணாடி அவர் நெற்றியில் இருக்கிறது.

தாள் முழுக்கக் கட்டங்கள்.
காலையில் ஓட்ஸ், ஒரு பழம்.
மதியம் அவித்த மீன், கீரை.
இரவு எட்டுக்குள் சூப்.
நாளொன்றுக்கு உப்பு இவ்வளவு மில்லிகிராம், அதற்குமேல் இல்லை.
அடியில் நீல மையில்
கோர்ட்டோ டோலோ, உணவியல் ஆலோசகர்.
பின்னிரவு இரண்டே முக்காலுக்குக்
கட்டம் இல்லை.

எங்கள் சுவரிலும் ஓர் அட்டவணை உண்டு,
துடைப்பம் சாய்த்துவைக்கிற மூலையில்,
எறும்பளவு எழுத்தில்.
துடைப்பத்தை நகர்த்தி வாசிக்கிறேன்.
அவருடைய ஓரடிக்குள்
இன்றைய உப்பு முழுவதும் இருக்கிறது,
நாளைய உப்பில் பாதியும்.

உப்பிட்டவரை மறக்கக் கூடாதென்பார்கள்.
இவர் மறக்கவில்லை.
பதினோரு வருடத்து என் உப்பை
ரத்தத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறார்,
நூற்று எழுபத்தெட்டுக்குத் தொண்ணூற்றொன்பதாக.

"அவித்த மீனுக்கு
இந்நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுவேன்?
மாவட்டம் முழுக்க ரோட்டில் உப்புத் தூவுகிறவன் நான்.
நான் மட்டும் தொடக் கூடாதா?"

எனக்குப் பதில் தெரியாது.
கத்தி இருந்தது.
ரொட்டியை நடுவில் வெட்டினேன்.
பழுப்பு ரொட்டிதான்; பழுப்பு என்பது
பெரும்பாலும் நிறம், ரொம்ப நம்ப வேண்டாம் என்றேன்.
சலாமிக்குப் பதில் வான்கோழி.
அதுவும் உப்பில் குளித்ததே,
கொஞ்சம் வெட்கத்தோடு.
சீஸ் ஒரு துண்டு. மயோனைஸ் இருந்த இடத்தில் கடுகு.
ஊறிய வெள்ளரியை அவர் பார்க்கும் முன்னே
மூடி போட்டேன்.
பிறகு கீரை, வெங்காயம், குடைமிளகாய்,
வாய் மூட மறுக்கும்வரை.

"மாடு மேய்ந்த மாதிரி இருக்கிறது," என்றார்
மென்றுகொண்டே.
காகிதத்தில் ஒட்டிய கடுகையும் விரலால் வழித்தார்.
பிறகு சிப்ஸ் அடுக்கின் முன்னே
சர்ச்சில் நிற்பதுபோல் நின்று
சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.
நான் விலையைத் தட்டினேன்.
ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும்
பிடுங்கிக்கொள்ள முடியாது.

லாரி கிழக்கே போயிற்று.

நாலரைக்கு ஒரு பெண்.
கண்ணிமைகளில் பனி உருகிக்கொண்டிருந்தது.
பிஸ்மார்க்கிலிருந்து எட்டு மணிநேரம் ஊர்ந்து வந்தாளாம்,
காருக்குள் இருந்த ஒரே ஆப்பிளும்
கல்லாக உறைந்துவிட்டதாம்.
"மீட்பால். ஓரடி. சீஸ் இரண்டு மடங்கு," என்றாள்
மெனுவை அண்ணாந்தும் பாராமல்.
அட்டையை நீட்டினாள். பெயரைப் பார்த்தேன்.
கோர்ட்டோ டோலோ.

சொல்ல நாக்கு துறுதுறுத்தது.
ஆனால் அவள் கைகள்
சூடான காகிதச் சுருளை வாங்கிய விதம்,
பிரசவ வார்டில் குழந்தையை வாங்குவார்களே,
அப்படி இருந்தது.
கேட்காமலே ஒரு பிடி கீரை வைத்திருந்தேன்.
ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள்.
"இது யார் கேட்டது?"
"யாரும் இல்லை."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

காருக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு
கண்மூடித் தின்றாள்.
பாதியைச் சுற்றிக் கண்ணாடியோரம் வைத்தாள்.
வைத்த பாதியைக் கொஞ்சம் யோசித்துவிட்டு
அதையும் எடுத்தாள்.

பிறகு கிழக்கே திரும்பினாள்.
ரோடு அவளுக்கு முன்னே
கறுப்பாக, ஈரமாக,
வயிறார உப்புத் தின்றுவிட்டுக் கிடந்தது.