நாற்பத்தேழு மில்லிமீட்டர்

பள்ளிக்கூடக் கூரையில் ஒரு பம்பு இருக்கிறது.
நான்கு பேர் மூச்சை ஒற்றை ஆளாய் இழுக்கும்.
இருமாது.
காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறி
அதன் வாயிலிருந்து வடிதாளை எடுப்பது என் வேலை.
என் பெயர் ஸும்ரெதா.
ஊர் போஸ்னியாவில் ஒரு பள்ளத்தாக்கு.
ஜனவரியில் மட்டும்
எங்கே இருக்கிறோமென்று ஊருக்கே தெரியாது.

தாள் வட்டமானது, நாற்பத்தேழு மில்லிமீட்டர்.
வைக்கும்போது வெள்ளை.
எடுக்கும்போது
நேற்று என்ன எரித்தோமோ அந்த நிறம்.

இரண்டு நாள் அது எடை அறையில் கிடக்கவேண்டும்,
ஈரம் ஒரு நிலைக்கு வர.
பிணவறை மாதிரி என்றான் புதிதாய்ச் சேர்ந்த நெர்மின்.
பிரசவ அறை மாதிரி என்றேன்.
இரண்டும் இல்லை,
தராசு இருக்கும் அறை, அவ்வளவுதான்.
போன செவ்வாய்க்குப் பதினொரு மில்லிகிராம்.
ஓர் எறும்புக் கூட்டம் அளவு, என்று சிரித்தான்.
எறும்பென்றால் தட்டிவிடலாமே, நெர்மின்.

கறுப்பு, பேருந்து நிலையத்திலிருந்து.
ஓட்டுநர்களுக்குக் கால் விறைக்கிறது,
நிற்கும் வண்டியை அணைக்கமாட்டார்கள்.
மஞ்சள் கலந்த பழுப்பு, காயாத பீச் விறகு.
மற்றதெல்லாம் பழுப்பு நிலக்கரி.
வீட்டுக்கு வீடு புகைபோக்கி எங்களுக்கு.
மின்நிலையத்தின் பெரிய புகைபோக்கி
கந்தகத்தை நிறமில்லாமல் அனுப்பும்;
நாக்கடியில் பழைய நாணயம் வைத்ததுபோல
அது வந்திருப்பது தெரியும்.

கால்பந்தில் ஜெயித்த இரவு
தாளில் ஸ்ட்ரான்சியம் இருந்தது, பேரியம் இருந்தது:
சிவப்பு வாணமும் பச்சை வாணமும்.
மகிழ்ச்சிக்கும் எடை உண்டு.

எடையில்லாததும் உண்டு.
கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது,
கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது.
டிசம்பரில் மேல்தெருவில்
குளிருக்கு ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்துத்
தூங்கிய இருவர் எழவில்லை.
அன்றைய தாள் வழக்கத்தைவிட வெளுப்பு.

பிப்ரவரி ஒன்பதாம் தேதித் தாளில்
எக்ஸ்ரே கருவி காரீயம் என்றது.
மறுபடி வைத்தேன். காரீயம்.
இந்தப் பள்ளத்தாக்கில் காரீயம் உருக்குகிற ஆலை இல்லை.
நெர்மின் வரைபடத்தை விரித்துக் காற்றின் திசை தேடினான்.
நான் தேடவில்லை.
என் வேலிக்கு அப்பால்
பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட ஜன்னல் சட்டங்கள்
பச்சை பெயிண்ட், பெயிண்ட் மேல் பெயிண்ட்.
இலையுதிர் காலத்தில் பதினான்கு எண்ணினேன்.
இப்போது மூன்று.

ஃபெஹிமைச் சுரங்கம் வீட்டுக்கு அனுப்பி ஒரு வருடம்.
வேலையோடு கரிச் சீட்டும் போனது.
நிலக்கரி வெட்டியவன் வீட்டில் நிலக்கரி இல்லை.
படிவத்தில் 'மூலம்' என்று ஒரு கட்டம் உண்டு.
'பெயிண்ட் பூசிய மரம்' என்று எழுதினேன்.
முகவரிக்குக் கட்டம் இல்லை,
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்
என்று என்னைக் கேட்காதீர்கள்.

அன்று மாலை ஒரு மூட்டை நிலக்கரியை
வேலிக்கு மேல் தூக்கிக் கொடுத்து,
அந்த மூன்று சட்டங்களையும் கேட்டேன்.
கோழிக்கூடு கட்டவா, என்றார்.
ஆமாம், என்றேன்.
என்னிடம் கோழி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பதினோராம் தேதித் தாளில் காரீயம் இல்லை.
கந்தகம் கொஞ்சம் ஏறியிருந்தது.
அந்தக் கொஞ்சத்தில்
என் மூட்டை எவ்வளவு என்று
சொல்லும் கருவி வாங்க எங்களுக்கு நிதி இல்லை.

இன்றும் ஏழு மணி. ஏணியில் பனி உறைந்திருந்தது.
கீழே பிள்ளைகளின் பேச்சு கேட்டது,
பிள்ளைகள் தெரியவில்லை.
புதுத் தாளை வைத்தேன், வெள்ளை.
மூடியைத் திருகுமுன் இருமல் வந்தது.
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்,
கணக்கில் நான் சேர்ந்துவிடக்கூடாதென்று.