கொள்கலன்களின் எண்ணிக்கை

கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள், சனிக்கிழமை.
சனசமூக நிலையத்தின் முன் பதினாறு பேர் நின்றோம்.
பன்னிரண்டு பேருக்குச் சான்றிதழ் வேண்டும்.
மூன்று பேருக்கு ரியூசனுக்குப் போகாமலிருக்க ஒரு சாட்டு.
மீதி ஒருத்தி நான்.
எனக்கும் சான்றிதழ்தான் வேண்டும்,
சொல்ல வெட்கமாக இருந்தது.

பிஎச்ஐ ஐயா சோடிக்கொரு படிவம் தந்தார்:
வீட்டு இலக்கம். நீர் தேங்கும் கொள்கலன்கள் எத்தனை.
குடம்பி கண்டவை எத்தனை. கையொப்பம்.
"டெங்கு நுளம்பு கடலில முட்டையிடாது பிள்ளையள்,
வீட்டுக்குள்ள பாருங்கோ."

எனக்குச் சோடியாக வந்தவன் அஸ்மில்.
அவன் பள்ளிக்கும் என் பள்ளிக்கும் நடுவே ஒரு மதில்.
பத்து வருசமாக அவர்களுடைய பந்து எங்கள் பக்கம் விழும்,
நாங்கள் திருப்பி எறிவோம்.
எறிந்த கையின் முகத்தை அவன் பார்த்தது இன்றுதான்.
அவனிடம் டோர்ச். என்னிடம் பேனை.

முதல் படிவத்தை மான் தின்றது.
பஸ் நிலையத்தடிக் கட்டில் வைத்துவிட்டுக் குனிந்து
சப்பாத்து நூல் கட்டினேன், அவ்வளவுதான்.
இந்த ஊர் மான்களுக்கு
லஞ்ச் சீற்றும் ஒன்று, அரசாங்கப் படிவமும் ஒன்று.
சிரித்த சிரிப்பில் அஸ்மில் டோர்ச்சைக் கீழே போட்டான்.
ஓடிப்போய் இன்னொரு படிவம் வாங்கி வந்தோம்.

பதினொன்றாம் இலக்கம்:
ஐந்து சிரட்டை, ஒரு ரயர், தலையில்லாத ஒரு பொம்மை.
பொம்மையின் கழுத்துக்குள் மழை.
மழைக்குள் காற்புள்ளிகள் நெளிந்தன.

பதினாலில் "எந்தக் கட்சி?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள்.
பத்தொன்பதில் படகு எஞ்சின் கழுவிக்கொண்டிருந்தவர்
"அப்படியே உள்துறைமுகத்தையும் கவிட்டு ஊத்துங்கோவன்" என்றார்.
பிறகு தானே எழும்பி
பீப்பாயின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

இருபத்தேழில்
எல்லாமே கவிழ்ந்திருந்தது.
வாளி, அண்டா, பூச்சாடித் தட்டு, தேத்தண்ணிக் கோப்பைகள்.
உரல் குழிக்குள் கடல்மணல் நிரப்பியிருந்தது.
மதிலோரம் ஒரு சின்னச் சைக்கிள், அதுவும் தலைகீழாக,
சில்லு இரண்டும் வானத்தைப் பார்த்தபடி.
அந்த வீட்டம்மா எங்களுக்கு முன்னே நடந்து
ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினா,
அடியில் ஈரமில்லை, பாருங்கோ, ஈரமில்லை.
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.
பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த டோர்ச்சை
அஸ்மில் மெல்ல அணைத்தான்.
பூச்சியம் போட எனக்குக் கனநேரம் பிடித்தது.

கடைசி, முப்பத்துமூன்று.
என் வீடு.
அம்மா வேலைக்குப் போயிருந்தா.
முற்றம் காலையில் நான் கூட்டியது,
கிணற்றுக்கு வலை நாங்கள் போட்டது.
"இஞ்ச ஒண்டும் இல்ல" என்றேன்.
"எழுதிட்டுப் போவம்" என்றான் அவன்,
ஆனால் போகிற போக்கில் டோர்ச்சைக் குளிர்சாதனப் பெட்டியின்
பின்பக்கம் ஒருக்கால் அடித்தான்.

தட்டு நிறையத் தண்ணீர்.
நாற்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டோம்.

அவன் என்னைப் பார்க்கவில்லை,
சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தான்.
அந்த நேரம் அவன் எதை எழுதினாலும் சரி என்பான் போலிருந்தது.
அவனிடம் டோர்ச்தான் இருந்தது,
பேனை என்னிடம்.
தட்டை இழுத்து முற்றத்துச் சீமெந்தில் ஊற்றினேன்.
வெயில் குடிக்கத் தொடங்கியது.
இருபத்தேழாம் இலக்கம் எங்கள் ஒழுங்கையிலிருந்து
ஆறு வீடு தள்ளி.
நுளம்பு எவ்வளவு தூரம் பறக்கும் என்று
வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது,
வராமலிருந்திருக்கலாம்.

நிலையத்தில் பணிசும் சீனி கூடிய தேத்தண்ணியும் தந்தார்கள்.
பிஎச்ஐ ஐயா படிவங்களைச் சேர்த்தடுக்கி
மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"முப்பத்துமூண்டாம் இலக்கம், இது ஆற்ற வீடு?"

பணிஸ் இடது கையில் இருந்தது.
வலது கையைத் தூக்கினேன்.