இரண்டு நிமிடம்

சாந்தா ஃபே. சட்டமன்றக் குழு அறை.
லூர்தெஸ் அபெய்ட்டாவுக்கு இரண்டு நிமிடம்.

பதினேழு மணிநேரம் விளக்கு தூக்கிவிட்டு
வேனோடு சாலையைவிட்டு இறங்கிப்போன
டெல்ஃபினோவைப் பற்றிச் சொல்ல வந்தவள்
கூரையில் துடிக்கும் குழல்விளக்கையே பார்க்கிறாள்.
"உங்கள் முகமெல்லாம் பச்சையாக அடிக்கிறது, தலைவரே.
என் செட்டில் இதை விடமாட்டேன்."

சிரிப்பு. அதில் போனது அரை நிமிடம்.

மீதியில் யூனியன் தந்த தாளை வாசித்தாள்:
வேலைக்கும் வேலைக்கும் நடுவே
பத்து மணிநேர ஓய்வு அளிக்க வேண்டும்.

மார்ச்சில் மசோதா நிறைவேறியது.
கைதட்டல், கேக், டெல்ஃபினோவின் படத்துக்கு மாலை வெளிச்சம்.
இரவு, அடுப்படியில் நின்றபடி
சட்டத்தைப் படித்தாள்:
அளிக்கலாம்.

மறுநாள் அழைப்பு நாலரைக்கு.
கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கி,
குளிர் கன்னத்தில் அறைய அறைய
ஓட்டினாள்.