பதினோரு விநாடி

ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறேன்.
நாற்பத்திரண்டு மீட்டர் உயரம், கண்ணாடித் தரை,
இரண்டு பாதங்களுக்கு நடுவே கப்பல்.
இரவுப் பணி முடிந்து வந்தால் தூக்கம் பிடிக்காது.
காலுறையைக்கூடக் கழற்றாமல்
உளவாளி ஆகிவிடுவேன்.

மூன்றாம் கட்டம் ஒரு துறைமுகம்.
பெயர் சொல்லாத நாடு, ஓயாத மழை.
இதைச் செய்தவர்கள் துறைமுகம் பார்த்தவர்கள் இல்லை.
குளிர்பெட்டிகளை மின்சாரமே இல்லாத வரிசையில்
அடுக்கியிருக்கிறார்கள்,
உள்ளே இருக்கும் இறால் இந்நேரம் நாறியிருக்கும்.
ஆனால் நிழலை நன்றாகச் செய்திருக்கிறார்கள்.
கன்டெய்னருக்கும் கன்டெய்னருக்கும் இடையே
ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கிற அளவுக்கு
கத்தரித்து வைத்த இருட்டு.

காவலர்கள் ஆறு பேர்.
ஆறு பேருக்கும் ஒரே முதுகு.
கிழக்கு வாசல்காரன் பதினோரு விநாடி நடப்பான்,
நிற்பான், தோளைச் சொறிவான், திரும்புவான்.
மகளுக்கு முன்பல் விழுந்த கதையை
இன்னொருவனிடம் சொல்வான்.
முதல் தடவை அதைக் கேட்டபோது
உருவிய கத்தியை உறைக்குள் வைத்துவிட்டேன்.
ஐந்தாம் தடவையும் அதே பல்தான் விழுந்தது.
அப்போதும் எடுக்கவில்லை.

"லீவே, அங்க என்ன பண்றீங்க?"
காதில் ஆர்வோ. ஊலு நகரத்துப் பையன்,
முகம் பார்த்ததில்லை, சிப்ஸ் கடிக்கும் சத்தம் பழக்கம்.
"காத்திருக்கிறேன்."
"எதுக்கு?"
காற்று அடங்கும்வரை
முப்பது டன்னை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருப்பவளிடம்
கேட்கிற கேள்வியா இது?

நாற்பது நிமிடம். குனிந்து, ஊர்ந்து,
தேங்கிய நீரில் கால் படாமல்,
ஒரு கேமரா தலை திருப்புகிற இடைவெளியில் இரண்டு எட்டு,
இன்னொன்று திரும்புமுன் அரை எட்டு.
அலுவலகக் கதவுக்கு இன்னும் ஒரு வரிசைதான்.

ஆர்வோ விளக்கைச் சுட்டான்.

சைரன்.
ஆறு முதுகுக்கும் முகம் முளைத்தது.
பல் கதைக்காரன்தான் முதலில் சுட்டான்,
என்னை.
தகரத்தில் தோட்டா, தகரத்தில் தோட்டா,
"மன்னிச்சிருங்க மன்னிச்சிருங்க" என்கிறான் பையன்,
நான் புகைக்குண்டை எறிந்துவிட்டு ஓடுகிறேன்,
இடப்பக்கம் ஒருவன், முழங்கையால் அடித்தேன்,
துப்பாக்கியில் நான்கு தோட்டா, மூன்று, ஒன்று,
எதிரே பாரந்தூக்கி.

சிரித்தேவிட்டேன்.
அடே மடையர்களா, இது என் வீடு.
மேலே போய்விட்டால் ஒருத்தனும் என்னை அசைக்க முடியாது.
ஏணியில் தாவினேன்.
ஒன்று, இரண்டு, ஏழு.
எட்டாவது படி கண்ணுக்குத் தெரிகிறது,
கைக்குக் கிடைக்கவில்லை.
ஏழோடு அந்த உலகம் முடிகிறது.
மேலே இருந்ததெல்லாம் வெறும் படம்.
காற்றில் ஏறிக்கொண்டே
முதுகில் பதினாறு தோட்டா வாங்கினேன்.

திரை சிவந்து, கறுத்து, மழை மறுபடி தொடங்கியது.
கிழக்கு வாசலில்
அவன் மகளுக்குப் பல் விழுந்துகொண்டிருந்தது.
ஆர்வோ அம்மா கூப்பிடுகிறாள் என்று போய்விட்டான்.
பகல் பதினொன்றுவரை தூங்கினேன்.

அன்றிரவு ஏணியில் ஏறும்போது
எட்டாவது படியைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன்.
குளிர்ந்த இரும்பு. இருந்தது.

இரண்டே காலுக்குக் கீழே ஸ்டெய்ன் வந்தான்,
டார்ச்சும் மஞ்சள் கோட்டுமாக.
ஒன்பது வருடமாக அதே பாதையில் சுற்றுகிற காவலாளி.
உதடு தானாக எண்ணத் தொடங்கியது.
ஏழு, எட்டு,
ஒன்பதாவது விநாடியில்
எந்தக் கணக்கிலும் இல்லாமல்
அண்ணாந்து பார்த்தான்.

நான் கேபின் விளக்கை அணைத்தேன்.

வானொலி கரகரத்தது.
"மேலே என்ன ஆச்சு? லீவே?
லீவே, காபி வேணுமான்னு கேட்கத்தான்..."

மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன்.
கால்களுக்கு நடுவே
மெல்ல ஆடிக்கொண்டிருந்தது
இருபது டன் வாழைப்பழம்.